துனீசியன் குரோஷாவில் தேன்கூடு கௌல்: பாய் மாதிரி சுருளாமல் பின்னுவது எப்படி?

பெரம்பூரிலிருந்து வந்திருக்கும் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சாதாரண குரோஷா உங்களுக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். மேசை விரிப்பு, குழந்தை ஃபிராக், வாசல் தோரணம் எல்லாம் போட்டிருக்கிறீர்கள். மகள் செப்டம்பரில் படிப்புக்காக டொராண்டோ போகிறாள். அவள் கழுத்துக்கு, மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்படும் ஒரு கௌலை, அதாவது கழுத்தைச் சுற்றி வளையமாகப் போட்டுக்கொள்ளும் பின்னலை, கண்ணிகளை நீளமான ஊசியிலேயே சேர்த்துவைத்துப் பின்னும் துனீசியன் முறையில் பின்ன ஆரம்பித்தீர்கள். 4 மி.மீ. ஊசியில் பத்து வரிசை முடிவதற்குள் துணி கீழிருந்து மேலாகப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டது. இடது ஓரம் தொளதொளவென்று ஆகிவிட்டது. 30 கண்ணியில் தொடங்கியது எண்ணிப் பார்த்தால் 27 இருக்கிறது. கை தப்பா, நூல் தப்பா, ஊசி தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஊசி. அடுத்தது, பின்னுகிற திசை. உங்கள் கையில் எந்தத் தப்பும் இல்லை. முப்பது வருடமாக மெல்லிய பருத்தி நூலை இறுக்கிப் பிடித்துப் பழகிய கை அது. அந்த இறுக்கம் மேசை விரிப்புக்கு அழகு. துனீசியனில் அதே இறுக்கம்தான் துணியைச் சுருட்டுகிறது.

ஏன் சுருள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும். துனீசியனில் வேலையைத் திருப்புவதே கிடையாது. வெளிப்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தபடியே இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பாதி. போகும்போது வலமிருந்து இடமாக ஒவ்வொரு கண்ணியாக எடுத்து, எடுத்த எல்லாவற்றையும் ஊசியிலேயே வைத்துக்கொள்கிறோம். திரும்பும்போது இடமிருந்து வலமாக அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கிறோம். முன்பக்கம் பார்த்தால் சின்னச் சின்ன இழைகள் வேலிக்கால் போல வரிசையாக நிற்கும். இந்த 'நிற்கும் இழை'தான் நமக்கு எல்லாம். துனீசியனின் அடிப்படைப் பின்னலான சிம்பிள் ஸ்டிச்சில் இந்த முன் இழையில் மட்டுமே ஊசியை நுழைக்கிறோம். நூலின் பருமன் முழுவதும் பின்பக்கம் போய்ச் சேர்கிறது. பின்னால் தடிப்பு, முன்னால் இழுப்பு. ஒரு பக்கம் மட்டும் நனைந்த காகிதம் போல, துணி முன்பக்கமாக வளைகிறது. சின்ன ஊசி என்றால் இழைகள் நகர்ந்து சமமாக இடமே இருக்காது, வளைவு இன்னும் கூடும்.

ஆகவே வழி மூன்று. இழைகளுக்கு இடம் கொடுக்கும் பெரிய ஊசி. பருமனை முன்பக்கமும் கொண்டுவரும் ஸ்டிச். சுருளும் ஓரங்களைத் தையலுக்குள் மறைத்துவிடும் பின்னல் திசை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

துனீசியனில் அதிகம் சுருள்வது தொடங்கும் ஓரமும் முடிக்கும் ஓரமும்தான். பக்கவாட்டு ஓரங்கள் அவ்வளவு சுருளாது. நீங்கள் கழுத்துச் சுற்றளவை அகலமாக வைத்து, கீழிருந்து மேலாகப் பின்னினால், சுருளும் அந்த இரண்டு ஓரங்களும் கௌலின் அடியும் மேலுமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மகள் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தெரியும். மாற்றி யோசியுங்கள். கௌலின் உயரத்தை அகலமாக வைத்து, நீளமான ஒரு பட்டையாகப் பின்னி, தொடக்க ஓரத்தையும் முடிவு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். சுருளும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. ஒரு வரிசைக்கு 34 கண்ணி போதும் என்பதால், ஒரு மீட்டர் கேபிள் வைத்த ஊசியெல்லாம் தேவையில்லை, 30 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனையில் குமிழ் வைத்த சாதாரண துனீசியன் ஊசியே போதும்.

ஊசியைப் பற்றி. சாதாரண குரோஷாவில் ஒரு நூலுக்கு என்ன ஊசி எடுப்பீர்களோ, அதைவிடக் குறைந்தது 1.5 மி.மீ. பெரியதாக எடுங்கள். 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் வரும் நூலுக்குச் சாதாரண குரோஷாவில் 5 மி.மீ. எடுப்போம், துனீசியனில் 6.5. கை இறுக்கமான உங்களுக்கு 7 அல்லது 8கூடச் சரியாக வரலாம். முதலில் கண்ணிகள் அசிங்கமாகப் பெரிதாகத் தெரியும். பயப்படாதீர்கள், நனைத்துக் காயவைத்தபின் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். மரத்தாலோ மூங்கிலாலோ ஆனதை வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்து, அலுமினிய ஊசியில் அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் கிறீச்சென்று ஒட்டும். நூல் ஒட்ட ஒட்ட நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். நிட்புரோ ஊசிகள் நம் நாட்டிலேயே செய்யப்படுபவை. துனீசியனுக்கென்று தனியாகவும் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க வேண்டுமா? கைப்பிடி தடிப்பில்லாமல் ஒரே சீராக இருக்கும் சாதாரண குரோஷா ஊசி ஒன்றின் வால்பக்கம் ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். பதினைந்து கண்ணி வரை தாங்கும், கீழே நழுவாது.

நூல். இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. டொராண்டோவுக்கு என்றால் முழு அக்ரிலிக் வேண்டாம். அங்கே ஜனவரியில் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே. கௌலை வாய், மூக்கு வரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். மூச்சின் ஈரம் முழுக்க அதில்தான் இறங்கும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் கிடையாது; ஈரம் மேலேயே நின்று தாடையில் சில்லென்று படும். மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியோ, மெரினோ கலந்ததோ பாருங்கள். கையில் தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள், கழுத்தில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளங்கைக்கு மெத்தென்று இருப்பது கழுத்துக்குக் குத்தும். லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் நல்லது. விடுதியில் இருக்கும் பெண் தனியாகக் கையால் அலசி உலர்த்த நேரம் பார்க்கமாட்டாள். மெஷினில் போட்டுவிடுவாள். சாதாரணக் கம்பளி மெஷின் தண்ணீரில் உராய்ந்து அடைந்து, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். சூப்பர்வாஷ் அப்படி ஆகாது. ஆனால் ஒன்று, அது நனைந்தால் கொஞ்சம் நீளும். அதனால்தான் மாதிரித் துண்டை நனைக்காமல் அளக்கக்கூடாது என்று பின்னால் சொல்லப்போகிறேன்.

150 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். 100 கிராமில் முடிந்துவிடவும் கூடும், ஆனால் துனீசியன் நூல் தின்னும் வேலை, நடுவில் தீர்ந்தால் அதே சாயத்தில் இன்னொரு உருண்டை கிடைக்காது. உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் சாயத் தொகுதி எண் இருக்கும். எல்லாவற்றிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நிறம் வெளிர் அல்லது நடுத்தரமாக, ஒரே நிறமாக. சாம்பல், கடுகு, மயில்கழுத்துக்குக் கொஞ்சம் வெளுத்த நீலம், எதுவானாலும். கறுப்பும் கரும்பச்சையும் மேடுபள்ளத்தை விழுங்கிவிடும். பல நிறம் கலந்த நூலும் அப்படித்தான். கண் நிறத்தைப் பார்க்கும், பின்னலைப் பார்க்காது. மேடுபள்ளத்துக்காகத்தானே இவ்வளவு பாடு?

சென்னையில் கம்பளி நூல் எங்கே கிடைக்கும் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். சௌகார்பேட்டை, பாரிமுனைப் பக்கம் லேஸ், பட்டன், ஜரிகை விற்கும் சின்னக் கடைகளில் கேட்டால் லூதியானாவிலிருந்து வரும் உல்லன் நூல் எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் அக்ரிலிக்தான், பழகிப் பார்க்க அது போதும். நல்ல மெரினோவுக்கு இணையத்தில் வரவழைப்பதே சுலபம். குளிரே இல்லாத ஊரில் எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள்: 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது இதே சென்னையில்தான். குறைந்தபட்ச வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டாலே ஸ்வெட்டரைத் தேடும் நம் ஊரில்.

இனி கை வேலை.

சங்கிலி போட்டு, ஊசியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு இரண்டாவது சங்கிலியிலிருந்து ஆரம்பியுங்கள். சங்கிலியைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் எலும்பு மாதிரி ஒரு வரிசை முடிச்சு தெரியும். அதில் ஊசியை நுழைத்து நூலை இழுத்து ஊசியிலேயே வையுங்கள். முன்பக்கத்து 'வி' வடிவத்தில் எடுத்தாலும் வரும், ஆனால் முதுகில் எடுத்தால் அந்த ஓரம் குறைவாகச் சுருளும். கடைசியில் தைக்கும்போது முன்பக்க 'வி'க்கள் முழுசாக, பிடிக்க வசதியாகக் கிடைக்கும். கடைசி வரை போனதும் திரும்புங்கள். நூலைச் சுற்றி ஒரே ஒரு கண்ணியின் வழியாக இழுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகளின் வழியாக. ஊசியில் ஒரே ஒரு கண்ணி மிஞ்சும் வரை. அந்த ஒரு கண்ணிதான் அடுத்த வரிசையின் முதல் கண்ணி. அதனால் அடுத்த வரிசையில் முதல் நிற்கும் இழையைத் தொடக்கூடாது, இரண்டாவதிலிருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் 30 எப்படி 27 ஆயிற்று என்பதும் இங்கேயே இருக்கிறது. இடது ஓரத்தில் கடைசி நிற்கும் இழை, பக்கவாட்டில் மடங்கி ஒளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் திரும்பிவிட்டால் ஒன்று குறையும். மூன்று முறை விட்டிருக்கிறீர்கள். அந்த ஓரத்தை இடது கை கட்டைவிரலால் உங்களை நோக்கி லேசாகத் திருப்பிப் பாருங்கள், இரண்டு இழைகள் அருகருகே நிற்கும்: ஒன்று முன்னால், ஒன்று அதற்குப் பின்னால். கடைசிக் கண்ணியை அந்த இரண்டுக்கும் அடியில் நுழைத்து எடுங்கள். முன் இழையில் மட்டும் எடுத்ததால்தான் அந்த ஓரம் தொளதொளத்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் சங்கிலி கோத்த மாதிரி கெட்டியான, நேரான ஓரம் வரும். நம் கௌலில் இந்த ஓரம்தான் கழுத்தடியில் வெளியே தெரியப்போகிறது, அதனால் இதில் மட்டும் அவசரம் வேண்டாம். வலது ஓரத்துக்கு ஒரு சின்னப் பழக்கம்: திரும்பும் வரிசை முடிந்ததும், ஊசியில் இருக்கும் அந்த ஒற்றைக் கண்ணி தொங்காதபடி நூலை மெல்ல ஒருமுறை இழுத்துவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்குங்கள்.

நூலின் இறுக்கத்தைச் சொல்லிக் கொடுக்கப் பூத்தொடுப்பதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மல்லிகையை நாரில் சுற்றும்போது இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், விட்டால் உதிர்ந்துவிடும்; பூவைப் பிடித்து நிறுத்தும் அளவு மட்டும் இழுப்போம். போகும் வரிசையில் எல்லாரும் ஓரளவு சரியாகச் செய்வார்கள். திரும்பும் வரிசையில்தான் கை தன்னையறியாமல் வேகமெடுத்து இறுக்கும், ஏனென்றால் அது சுலபமான பாதி. அந்தப் பாதிதான் துணியின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. திரும்பும்போது ஒவ்வொரு கண்ணியையும் ஊசியின் முழுப் பருமன் வரை ஏறவிட்டு விடுவியுங்கள். கொக்கி முனையின் ஒல்லியான இடத்திலேயே வேலையை முடித்தால் 8 மி.மீ. ஊசி கையில் இருந்தும் 5 மி.மீ. துணிதான் வரும்.

அடுத்து பர்ல் ஸ்டிச். நாம் போடப்போகும் தேன்கூட்டுப் பின்னலுக்கு இதுவும் சிம்பிளும் மட்டும் போதும். சிம்பிளில் நூல் வேலைக்குப் பின்னால் இருக்கும். நிற்கும் இழைக்கு அடியில் வலமிருந்து இடமாக நுழைத்து, நூலைச் சுற்றி இழுப்போம். பர்லில் முதலில் நூலை வேலைக்கு முன்னால் கொண்டுவந்து இடது கட்டைவிரலால் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு அதே நிற்கும் இழையில் அதே மாதிரி நுழைத்து, நூலை ஊசியின்மேல் சுற்றிப் பின்னால் விட்டு இழுங்கள். நூல் முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டு சின்ன முண்டு மாதிரி நிற்கும். பருமன் முன்பக்கம் வந்துவிட்டது, பாருங்கள்! சிம்பிள் பின்னால் தள்ளுகிறது, பர்ல் முன்னால் தள்ளுகிறது. இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டால் துணி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடும். அடுத்த வரிசையில் இடம் மாற்றிப் போட்டால் முண்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வராமல், இடையிடையே விழும். ஊடுபுள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேல்வரிசைப் புள்ளி, கீழ்வரிசை இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வந்து உட்காரும் அதே கணக்கு. நேர்ப்புள்ளியாக வைத்தால், அதாவது பர்ல்மேல் பர்லாகவே வைத்தால், தேன்கூடு வராது, நெடுக்குக் கோடுகள்தான் வரும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை.

எனக்கு இந்த நூலிலும் 6.5 மி.மீ. ஊசியிலும் 10 செ.மீ.க்கு 14 கண்ணி, 12 வரிசை வந்தது. 24 செ.மீ. உயரம், 62 செ.மீ. சுற்றளவு என்று வைத்துக்கொண்டேன். தலை வழியாகத் தாராளமாக இறங்கும், கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்து உட்காரும், இழுத்தால் மூக்கு வரை வரும். அப்படியானால் 34 கண்ணி, 74 வரிசை.

சங்கிலி 34. முதல் வரிசை, மேலே சொன்னபடி முதுகு முடிச்சுகளில் எடுத்தது. ஊசியில் 34 கண்ணி இருக்க வேண்டும். திரும்புங்கள்.

2ஆவது வரிசை: முதல் இழையை விட்டு, சிம்பிள் ஒன்று, பர்ல் ஒன்று, இப்படி 16 ஜோடி. கடைசியில் ஓரக் கண்ணி, இரண்டு இழைகளுக்கும் அடியில். திரும்புங்கள்.

3ஆவது வரிசை: முதல் இழையை விட்டு, பர்ல் ஒன்று, சிம்பிள் ஒன்று, 16 ஜோடி. ஓரக் கண்ணி. திரும்புங்கள்.

இந்த இரண்டையும் மாற்றி மாற்றி 74 வரை. இரட்டைப்படை வரிசை சிம்பிளில் தொடங்கும், ஒற்றைப்படை பர்லில் தொடங்கும் என்று மனசில் வைத்துக்கொண்டால் குறித்துவைக்கத் தேவையில்லை. நடுவில் போன் வந்து எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை. துணியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: நிற்கும் இழைக்கு முன்னால் குறுக்கே ஒரு முண்டு கிடந்தால் அது பர்ல், அதன்மேல் சிம்பிள் போடுங்கள், வெறும் இழையாக நின்றால் அதன்மேல் பர்ல். நான் வகுப்பெடுக்கும்போது முதல் ஐந்து வரிசைக்குப் பிறகு காகிதத்தை வாங்கி வைத்துவிடுவேன். துணியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் தப்பு நடந்த அடுத்த கண்ணியிலேயே கண்ணில் படும். முதல் பத்து வரிசை வரை மட்டும், ஒவ்வொரு போகும் வரிசை முடிவிலும் 34 இருக்கிறதா என்று எண்ணுங்கள். திரும்பிய பிறகு எண்ணிப் பயனில்லை, அவிழ்க்கத்தான் வேண்டியிருக்கும். ஒரு நல்ல விஷயம், துனீசியனில் அவிழ்ப்பது சுலபம். நூலை இழுத்தால் திரும்பும் வரிசை வரிசையாகக் கழன்று, கண்ணிகள் நின்றபடியே நிற்கும், ஊசியை மறுபடி கோத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணக்கு என் கணக்காக இருக்கவேண்டியதில்லை. அதற்குத்தான் மாதிரித் துண்டு. 20 கண்ணி, 16 வரிசை தேன்கூடு போட்டு, நனைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ.யில் எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு 16 கண்ணியும் 13 வரிசையும் வந்தால், 24 செ.மீ. உயரத்துக்கு 38 கண்ணி, 62 செ.மீ. சுற்றளவுக்கு 80 வரிசை. கண்ணி எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கட்டும்; இரண்டு ஓரமும் போக நடுவில் ஜோடி சரியாக விழும். மாதிரித் துண்டைத் தொட்டுப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கையில் பிடித்தால் தொங்குகிறதா, அட்டை மாதிரி நிற்கிறதா? நின்றால் ஊசியை இன்னும் அரை மில்லிமீட்டரோ ஒன்றோ ஏற்றுங்கள். கௌலுக்குத் தொங்கல்தான் உயிர். மேடுபள்ளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கழுத்தில் கட்டுப்போட்ட மாதிரி நின்றால் அவள் ஒரு நாள் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவாள்.

வேறு ஸ்டிச் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிட் ஸ்டிச் பார்க்கக் கைப்பின்னல் ஸ்வெட்டர் மாதிரியே அழகாக இருக்கும்; ஆனால் அது கெட்டியாகவும் வரும், சுருளவும் செய்யும். முதல் கௌலுக்கு வேண்டாம். ரிவர்ஸ் ஸ்டிச் நல்ல தேர்வு. அதில் ஊசியைத் துணிக்குப் பின்னால் கொண்டுபோய், பின்பக்கம் நிற்கும் இழையை எடுக்கிறோம். முன்னால் வரப்பு மாதிரி மேடு வரும். இரண்டு வரிசை சிம்பிள், இரண்டு வரிசை ரிவர்ஸ் என்று போனால், பட்டையாகப் பின்னி வளைத்துத் தைத்தபின் அந்த வரப்புகள் கழுத்தில் செங்குத்தாக நிற்கும். நீள் கழுத்துக்கு எடுப்பாக இருக்கும். இருந்தாலும் நான் தேன்கூட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அதன் குழிகளில் காற்று தங்கும். குளிரைத் தடுப்பது நூலைவிட அந்தக் காற்றுதான்.

முடிப்பது. 74ஆவது வரிசை திரும்பி முடிந்ததும், கண்ணிகளை மூடிக் கட்டும் வரிசையையும் 3ஆவது வரிசை மாதிரியே போடுங்கள். ஒவ்வொரு கண்ணியையும் எடுத்த உடனே ஊசியில் இருக்கும் பழைய கண்ணி வழியாகவும் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே எல்லார் கையும் இறுகும். இந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். 60 செ.மீ. வால் விட்டு வெட்டி, மழுங்கிய முனையுள்ள பெரிய கண் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரங்களையும் மேசையில் வெளிப்பக்கம் மேலே தெரியும்படி எதிரெதிரே வைத்து, இந்தப் பக்கம் ஒரு 'வி', அந்தப் பக்கம் ஒரு 'வி' என்று எடுத்துத் தையுங்கள். 34க்கு 34, ஒன்றும் மிஞ்சக்கூடாது. ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பித் தைக்கும் கௌல்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் துணி வேண்டும். தேன்கூட்டின் உள்பக்கம் வேறு மாதிரி, அது வெளியே புரண்டு தெரியும், நன்றாக இராது. திருப்பாமலே தையுங்கள். தையலே இல்லாமல் வளையமாகவும் பின்னலாம், இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஊசியும் இரண்டு உருண்டை நூலும் வைத்து, ஒன்று போவதற்கு, ஒன்று திரும்புவதற்கு. அடுத்ததற்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

நனைத்து விரிப்பதைத் தவிர்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பூ விட்டு இருபது நிமிடம் ஊறட்டும். பிழிந்து முறுக்காதீர்கள், துண்டில் வைத்துச் சுருட்டி மிதித்தால் தண்ணீர் இறங்கிவிடும். விரிப்பதற்கு, குழந்தைகள் விளையாடும் எழுத்துப் போட்ட ஃபோம் பாய்த் துண்டுகள் இருக்கிறதே, அதைவிட நல்லது இல்லை. குண்டூசி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரணக் குண்டூசி நம் கடற்கரைக் காற்றில் ஒரே இரவில் துருவைத் துணியில் இறக்கிவிடும். ஒரு வெண்ணிற சால்வையை நான் அப்படி இழந்திருக்கிறேன், அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. இழுத்து ஆணியடித்த மாதிரி விரிக்காதீர்கள், மேடுகள் தட்டையாகிவிடும். ஓரங்களை நேராக்கினால் போதும். மின்விசிறிக்கு அடியில் மே மாதம் ஒரே இரவில் காயும். ஐப்பசி மழையில் இரண்டு முழு நாள் எடுக்கும், உள்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அக்ரிலிக்கில் பழகுகிறீர்கள் என்றால் இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் நூல் தளர்ந்து பளபளத்து, பழைய துள்ளலுக்குத் திரும்பவே திரும்பாது.

நேரம் எவ்வளவு ஆகும் என்பதற்கு: பழகிய கைக்கு ஒரு வரிசை மூன்று நிமிடம், உங்களுக்கு முதலில் ஐந்து ஆறு நிமிடம். தினம் ஆறு வரிசை என்று வைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் பட்டை முடிந்துவிடும். காலையில் வெயில் ஏறுமுன், கை வியர்க்காத நேரமாகப் பாருங்கள். முடித்தபின் பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். மூக்கருகே வைத்துக்கொள்ளும் பொருள், அந்த நெடி ஒரு குளிர்காலம் முழுக்க இருக்கும். நன்றாகத் துவைத்துக் காய்ந்த கம்பளியை ஜிப் வைத்த பையில் காற்றை வெளியேற்றி மூடினால் பூச்சி வராது. மிச்ச நூலில் பத்து மீட்டரைச் சின்ன உருண்டையாகச் சுற்றி அதே பையில் வைத்து அனுப்புங்கள்; எங்காவது கொக்கியில் மாட்டி இழை அறுந்தால் அவளே தைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் ஒன்று வேண்டும், ஆனால் சென்னையில் எங்கே போடுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெருங்குடி, சிறுசேரி அலுவலகங்களில் ஏசிக்கு நேர் கீழே உட்காரும் பெண்களும், இரவு ஏசி பஸ்ஸில் கோவை போகிறவர்களும் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். மார்கழிக் காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போதும் ஆகும். அதற்குக் கம்பளி வேண்டாம், பருத்தியும் மூங்கில் இழையும் கலந்த மெல்லிய நூல் எடுங்கள். பருத்தி கனம், தன் எடையிலேயே கீழே இழுபடும். அதனால் உயரத்தை 18 செ.மீ.யோடு நிறுத்துங்கள். 5.5 மி.மீ. ஊசியில் தேன்கூட்டைவிட, ஒவ்வொரு சிம்பிள் கண்ணியையும் எடுத்தவுடன் அதன்மேல் ஒரு சங்கிலி போட்டு நீட்டும் முறை பொருத்தம். வரிசை உயரமாக வரும், வேலை சீக்கிரம் முடியும், இடைவெளியில் காற்றும் புகுந்துபோகும். அந்த நூலுக்கு மாதிரித் துண்டு போட்டுப் பார்த்து, 10 செ.மீ.க்கு எத்தனை வருகிறது என்று எழுதுங்கள், கண்ணிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.